கண் மேல் வைத்த பொட்டு

லோயிஸ் டீச்சருக்குக் கரண்ட் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், பிறகு நடந்ததைக் கேட்பவர்கள் அவர் ஏதோ கையில் கம்பியோடு பிறந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் மிக்ஸி பிளக்கைக்கூடக் காலில் செருப்பு மாட்டிக்கொண்டுதான் செருகுவார். ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவருடைய கணவர் ஜாபேஸ், "என்னக் கட்டிக்கினதே ஃபியூஸ் போடறதுக்குத்தான்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷிதான் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடத்துகிறார். கரும்பலகையில் எழுதும்போது மட்டும் அவருக்கு எந்தப் பயமும் கிடையாது. சாக்பீஸ் ஷாக் அடிக்காது அல்லவா.

பிறந்தது சித்தூரில், பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். அப்பா எர்னஸ்ட் மாணவர் விடுதி வார்டனாக இருந்தார். திருப்பதியில் பி.எஸ்சி. படித்தபோது பிராக்டிகல் வகுப்பில் ஒரு மேஜைக்கு எட்டுப் பேர். அதில் கைத்துணிச்சல் உள்ள ஒரு பையன் எல்லாவற்றையும் செய்வான், மற்றவர்கள் அவன் சொல்லும் ரீடிங்கை எழுதிக்கொள்வார்கள். லோயிஸ் அப்படி எழுதி எழுதியே முதல் வகுப்பில் தேறிவிட்டார். பிறகு பி.எட்., அதற்குப் பிறகு வாத்தியார் வேலைக்கான டி.எஸ்.சி. பரீட்சை, கடைசியில் விஜயபுரம் மண்டலத்தில் புங்கமேடு என்ற, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரின் ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளி. புத்தூரில் குடியிருந்துகொண்டு ஸ்கூட்டரில் போய்வருகிறார்.

புங்கமேடு நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊர். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப்பக்கம் தெலுங்கு. பிள்ளைகள் எந்த மொழியில் முழிப்பது என்று தெரியாமல் முழிக்கும். லோயிஸ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து ஊட்டுவார். சில பிள்ளைகளுக்கு இறங்கும், சிலருக்குத் தொண்டையிலேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோனவர்களில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு ரூபா. கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆஜர் சொல்வதற்கு மட்டும் வாய் திறப்பாள். மக்கு இல்லை, பரீட்சையில் எழுதிவிடுவாள். ஆனால் எழுந்து நின்று தெலுங்கில் பதில் சொல்லச் சொன்னால் தலை கவிழ்ந்துவிடும். ஒருநாள் சிரித்த வகுப்பு என்றைக்கும் சிரிக்கும் என்று அவளுக்கு ஒரு முடிவு.

அந்தப் பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. ஏதோ ஒரு திட்டத்தில் ஊருக்கு ஊர் கொடுத்தார்கள். உள்ளே உள்ளங்கையளவு நீலப் பலகைகள், வண்ண வண்ண ஒயர்கள், வெளிச்சத்தைப் பார்க்கிற சென்சார், ஈரத்தைப் பார்க்கிற சென்சார், சூட்டைப் பார்க்கிற சென்சார், இன்னும் என்னென்னவோ. அந்த நீலப் பலகைக்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். கம்ப்யூட்டரில் கட்டளை எழுதி அதற்குள் ஏற்றிவிட்டால், சென்சார் சொல்வதைக் கேட்டு, விளக்கைப் போடும், மணி அடிக்கும், மோட்டாரைச் சுழற்றும். சொன்னதை மட்டும்தான் செய்யும். சொல்லாததைச் செய்யாது, சொன்னதை மறக்காது. வீட்டுக்கு ஒன்று இருந்தால் நல்லது.

ஹெச்.எம். வெங்கடரமணன் அதை வாங்கினார், எண்ணினார், பீரோவில் வைத்துப் பூட்டினார். "லோயிஸ் மேடம், உடஞ்சா யாரு பதில் சொல்றது? ரிடையர் ஆவறப்ப நிம்மதியா போவணும் நானு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அரசாங்கப் பொருள் உடைந்து அவதிப்பட்டவர்களை நிறையப் பார்த்தவர். லோயிஸும் ஒன்றும் வற்புறுத்தவில்லை. சொல்லப்போனால் பெட்டி பூட்டியிருப்பதில் அவருக்கு உள்ளூர ஒரு ஆறுதல்தான்.

ஜூலையில் ஒரு உத்தரவு வந்தது. பெட்டியைப் பயன்படுத்தாத பள்ளிகளிலிருந்து தசரா விடுமுறை முடிந்ததும் அதைத் திரும்ப எடுத்து, டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். அங்கே பெரிய லேப் இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, கம்ப்யூட்டர் படித்த வாத்தியார் இருக்கிறார். ஸ்டாஃப் ரூமில் ஹெச்.எம். அதைப் படித்துவிட்டு, "நல்லதா போச்சு, பீரோல எடம் ஆவும்" என்றார்.

அந்தச் சொல் லோயிஸுக்கு எங்கோ சுருக்கென்று தைத்தது. நம் பிள்ளைகளுக்கு வந்த பொருள், அவர்கள் கண்ணால்கூடப் பார்க்காமல், பீரோவில் இடம் வேண்டும் என்பதற்காகப் போகிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஜாபேஸிடம், "அந்த ஒயருங்கள தொட்டா ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார். ஐந்து வோல்ட் என்று தெரிந்ததும் ஜாபேஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "அதுல எறும்புக்குக்கூட ஷாக் அடிக்காது" என்றார்.

மறுநாள் லோயிஸ் பீரோச் சாவியைக் கேட்டு வாங்கினார். தம் கையெழுத்தைப் போட்டு, உடைந்தால் நான் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்த பிறகே ஹெச்.எம். கொடுத்தார்.

முதல் வகுப்பு மகா கேவலமாக ஆரம்பித்தது. ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பை விட்டு விட்டு எரியச் செய்ய வேண்டும். அவ்வளவுதான். யூடியூபில் எட்டு வயதுப் பொடியன் செய்கிறான். லோயிஸ் செய்தார், எரியவில்லை. ஒயரை அழுத்தினார், எரியவில்லை. நாற்பது பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வாத்தியார் வேலைக்கு வந்ததிலிருந்து சொல்லாத ஒரு சொல்லை அன்று அவர் சொன்னார். "எனக்குத் தெரியல பா. நீங்க பாருங்க."

வகுப்பு ஒரு நிமிஷம் நம்பவில்லை. பிறகு மேஜையைச் சுற்றி மொய்த்துவிட்டது. எதையும் யோசிக்கும் முன்னால் கையை நீட்டிவிடுகிற சாய்குமார் எல்லா ஒயரையும் ஒரே சமயத்தில் பிடுங்கப் போனான். லோயிஸ் அவன் கையைப் பிடித்தார். "எல்லாத்தயும் மாத்தினா எது கோளாறுன்னு எப்படிடா தெரியும்? ஒன்னு ஒன்னா மாத்து. ஒவ்வொரு வாட்டியும் இன்னா ஆவுதுன்னு பாரு." இதைத் திட்டமிட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அதுவே அந்த வகுப்பின் சட்டமாகிவிட்டது. கோளாறு வந்தால் டீச்சர் கை வைக்க மாட்டார். பிள்ளைகளே ஒன்றொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் அது டீச்சரின் பயத்துக்கு வைத்த கௌரவமான பெயர், அவ்வளவுதான். போகப் போகத்தான் அதன் அருமை அவருக்கே தெரிந்தது.

அன்று பல்பின் கால் மாறியிருந்தது. அதற்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, மாற்றிச் செருகினால் எரியாது. திருப்பிச் செருகியதும் பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "டீச்சர், அது கண்ணடிக்குது" என்றது. யாருடைய குரல் என்று லோயிஸுக்கே அடையாளம் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ரூபா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ரூபாவைப் பிடிக்க முடியவில்லை. காரணத்தை லோயிஸ் பிறகு யோசித்துப் புரிந்துகொண்டார். அந்தப் பலகைக்கு எழுதும் கட்டளைகள் இங்கிலீஷில் இருந்தன. ஆனால் அது வகுப்பில் ஒருவருக்கும் வீட்டு மொழி இல்லை, எல்லோரும் தட்டுத் தடுமாறித்தான் எழுதினார்கள். ரூபா மட்டும் பின்தங்கியவள் என்று சொல்ல அங்கே வழியே இல்லை. தப்பாக எழுதினால் பலகை சிரிக்காது. வேலை செய்யாது, அவ்வளவே. அந்த மரியாதை ரூபாவுக்குப் பிடித்திருந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் பெட்டிச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

சாய்குமாரின் கதை வேறு. அவனுக்குச் சென்சார் கையில் கிடைத்தால் எதிலாவது குத்திப் பார்க்க வேண்டும். ஈரம் பார்க்கிற சென்சாருக்கு முள்கரண்டி மாதிரி இரண்டு கால் இருக்கும், மண்ணில் குத்த வேண்டியது. அதை அவன் மதியச் சாப்பாட்டுச் சோற்றில் குத்திவிட்டான். சமையல் செய்யும் செங்கம்மா கரண்டியோடு லேப் வரை துரத்திக்கொண்டு வந்தார். "பசங்க துன்ற சோத்துல கம்பிய வெக்கிறானே, இத கேட்க ஆளில்லயா டீச்சரம்மா" என்று அவர் போட்ட சத்தத்தில் ஹெச்.எம். பெட்டியை அன்றே பீரோவுக்குள் தள்ளியிருப்பார். லோயிஸ் மன்னிப்புக் கேட்டார். அதோடு, சமையலறைத் தண்ணீர் டிரம் தினமும் நிரம்பி வழிந்து தரையெல்லாம் சேறாவதாகச் செங்கம்மா புலம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து, சாய்குமாருக்கு அதையே தண்டனையாகக் கொடுத்தார். அவன் இரண்டு ஒயரையும் ஒரு சின்ன பஸ்ஸரையும் வைத்து, டிரம் நிரம்பியதும் கத்துகிற மாதிரி செய்துகொடுத்தான். அன்றிலிருந்து செங்கம்மா பெட்டியின் கட்சி. வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம், "எங்க டிரம்மு பேசுது" என்று சொல்லிக்கொள்வார்.

பிள்ளைகளின் பெரிய வேலை விளக்கு. பத்தாம் வகுப்புக்குச் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. முடிந்து பெண்பிள்ளைகள் காலனிக்குப் போகிற வழியில் கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு திருப்பம், அங்கே தெருவிளக்கு கிடையாது. ஊருக்குள் இருக்கிற தெருவிளக்குகளோ பட்டப்பகலில் எரியும், பொழுது சாய்ந்ததும் யாராவது ஞாபகம் வந்து அணைப்பார்கள். ஆள் கை படாமல், இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் தானே அணைகிற விளக்கு ஒன்றை அந்தத் திருப்பத்தில் வைப்பதென்று ஒன்பதாம் வகுப்பு தீர்மானித்தது. ஜாபேஸ் ஒரு பழைய பைக் பேட்டரி கொடுத்தார். வெளிச்சத்தைப் பார்க்கும் சென்சார் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அதை எல்லோரும் கண்ணு என்றே சொன்னார்கள். கண்ணில் வெளிச்சம் பட்டால் கம்ப்யூட்டரில் எண் ஏறும், இருட்டினால் இறங்கும். எண் இந்த அளவுக்குக் கீழே போனால் விளக்கைப் போடு என்று கட்டளையை எழுதியவள் ரூபா. செப்டம்பரில் அது கச்சிதமாக வேலை செய்தது. கையால் கண்ணை மூடினால் விளக்கு எரியும், கையை எடுத்தால் அணையும்.

"எம்.இ.ஓ. சார் பாத்து சரின்னு சொல்லட்டும், அப்புறம் கம்பத்துல ஏத்துங்க" என்றார் ஹெச்.எம். மண்டலக் கல்வி அதிகாரி கோகுலகிருஷ்ணன் தசரா லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாளில் மத்தியானம் வருவதாகத் தகவல். பெட்டி நிற்குமா, போகுமா என்பது அன்று தெரிந்துவிடும். லோயிஸுக்கு அந்தப் பெட்டியைப் பற்றி இருந்த கவலை கொஞ்சம். பெட்டி போனால் ரூபாவின் வாயும் கூடவே மூடிக்கொண்டு போய்விடுமே என்ற கவலைதான் அதிகம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஜெபத்தில் மட்டும் சொன்னார்.

லீவு விடுவதற்கு முந்தைய நாள் லோயிஸ் இல்லை. தங்கை சுஜிதாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சித்தூர் போயிருந்தார். அன்று மத்தியானம் பள்ளியில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் சேர்த்துச் செய்தார்கள். புத்தகம், மேஜை, கரும்பலகை, சமையலறைக் கரண்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பெட்டியைச் சும்மா விடுவார்களா? ரூபா சாவியைப் போட்டுத் திறந்தாள். செங்கம்மா தம் கையாலேயே சந்தனம் அரைத்துக்கொண்டு வந்து, பலகை, பேட்டரி, விளக்கு, ஒவ்வொரு சென்சார் என்று ஒன்று விடாமல், பிள்ளைகளோடு சேர்ந்து, நிதானமாகப் பொட்டு வைத்து, சாமந்திப்பூ சுற்றி, கற்பூரம் காட்டினார்.

பள்ளி திறந்த காலையில் லேப் மேஜையைப் பார்த்ததும் லோயிஸுக்கு மனசு நிறைந்துவிட்டது. உலர்ந்த சந்தனமும் குங்குமமுமாக எல்லாம் வரிசையாக இருந்தன. வேறு எந்தப் பொருளை இந்தப் பிள்ளைகள் இப்படித் தங்களுடையதாக எண்ணியிருக்கிறார்கள்? மத்தியானத்துக்குள் ஒரு தடவை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் நின்றது. பத்து மணிகூட ஆகவில்லை. எம்.இ.ஓ. சாருக்கு மத்தியானம் திருப்பதியில் மீட்டிங்காம், அதனால் முன்னாலேயே வந்துவிட்டார். ஹெச்.எம். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓடினார்.

கோகுலகிருஷ்ணன் அதிகம் பேசாதவர், உட்காராதவர். நின்றபடியே, "எக்கட அம்மா, சூபிஞ்சண்டி" என்றார். தமிழ்ப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். "காட்டுங்க. டைம் இல்ல." ஜீப் டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராகக் கதவோரம் நின்றார். ஜன்னலுக்கு வெளியே சில பெற்றோர்கள். சமையலறையிலிருந்து செங்கம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

ரூபா பேட்டரியை இணைத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

எரியக்கூடாது. ஜன்னல் வழியாக வெயில் மேஜை மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. ரூபா கையால் கண்ணை மூடினாள், எரிந்தது. கையை எடுத்தாள், அப்போதும் எரிந்தது.

"பட்டப்பகல்ல எரியுது" என்றார் கோகுலகிருஷ்ணன். "உங்க ஊர் தெருவிளக்கு மாதிரியே கீது." ஜன்னலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் ரூபாவின் தலை கவிழ ஆரம்பித்தது. லோயிஸ் அதைப் பார்த்தார். மேஜையை நெருங்கினார்.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. கண்ணு என்று பெயர் வாங்கிய அந்தத் துவரம்பருப்பின் நட்ட நடுவில், வெளிச்சம் நுழைய ஓர் ஊசி முனை இடம்கூட விடாமல், கெட்டியான சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். அந்தக் கண்ணுக்குப் பத்து நாளாக நடுராத்திரி.

ஒரு விரலால் துடைத்தால் தீர்ந்தது. லோயிஸின் கை உயர்ந்துவிட்டது. உயர்ந்த கை அப்படியே நின்றது. ஜன்னலோரம் செங்கம்மா, தாம் அலங்காரம் செய்த பொருளை அதிகாரி பார்க்கிறார் என்ற பூரிப்போடு நின்றுகொண்டிருந்தார். அத்தனை பேர் பார்க்க, பூஜையில் வைத்த பொட்டைக் கிறிஸ்தவ டீச்சர் துடைப்பதா? இத்தனை வருஷத்தில் இந்த ஊர் அவரை ஒரு வார்த்தை வேறாகப் பேசியதில்லை. பொங்கலுக்கு அவருக்கும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பொங்கல் வரும், கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கேக் எல்லா வீட்டுக்கும் போகும். அந்த நல்லுறவில் ஒரு கீறல் விழ அவர் கை காரணமாகக் கூடாது. வாயால் சொன்னாலும் அதேதான். போதாததற்கு, கோளாறு வந்தால் டீச்சர் கை வைக்க மாட்டார் என்று சட்டம் போட்டவரும் அவரே. உயர்ந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரூபாவைப் பார்த்தபடி நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

"புரோகிராம்ல தப்பு கீதாமா? இல்ல கெட்டுப் போச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

சாய்குமார் ஒயரைப் பிடுங்கப் போனான். "இருடா" என்றாள் ரூபா. தலை கவிழ்ந்தபடியேதான் சொன்னாள். ஆனால் சொன்னாள். "ஒன்னு ஒன்னா."

கம்ப்யூட்டரில் எண்ணைப் பார்த்தாள். அடிமட்டத்தில் இருந்தது. "நம்பர் கம்மியா கீது. கம்மியா இருந்தா எரியச் சொல்லித்தான் எழுதினோம். அப்போ புரோகிராம் சரி" என்று தனக்குத்தானே சொன்னாள். சாய்குமார் ஹெச்.எம்.மின் செல்போனை வாங்கி டார்ச் அடித்தான். எண் அசையவில்லை. ஒயரை மாற்றினார்கள், அசையவில்லை. சென்சாரையே கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். அதே எண். மூன்றாவதைப் போட்டார்கள். அதுவும் அப்படியே.

கோகுலகிருஷ்ணன் வாட்சைப் பார்த்தார். டிரைவர் பெட்டியின் மூடியைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியே விட்டார். ஹெச்.எம். தம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "லீவுல ஈரம் இறங்கியிருக்கும் சார்" என்றார்.

"மூனும் ஒரே நாள்ல கெட்டுப் போவாது" என்றாள் ரூபா. இந்தத் தடவை கொஞ்சம் உரக்கவே. அவளுக்கு இப்போது யாரும் தெரியவில்லை, மேஜையில் கிடந்த மூன்று சென்சார்கள் மட்டும்தான் தெரிந்தன. "மூனுத்துக்கும் ஒரே மாதிரி ஒன்னு ஆயிருக்கணும். லீவுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சி. அதுக்கப்புறம் மூனுத்துக்கும் இன்னா பண்ணோம்?" மூன்றையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். லோயிஸைப் பார்த்தாள். டீச்சருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. ஏன் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. அவளும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"பெரிம்மா" என்று செங்கம்மாவைக் கூப்பிட்டாள். "நம்ம அம்மனுக்குப் பொட்டு எங்க வெப்பாங்க?"

"நெத்தியிலதான். இன்னா கேள்வி இது?"

"இதுக்கு இதான் கண்ணு பெரிம்மா. நாம கண்ணு மேலயே வெச்சிட்டோம். அதுக்கு ஒன்னும் தெரியல. ராத்திரின்னு நெனச்சிக்கினு விளக்க ஏத்திக்கினே கீது."

செங்கம்மா விறுவிறுவென்று உள்ளே வந்து, ரூபாவின் உள்ளங்கைக்கு மேல் குனிந்து உற்றுப் பார்த்தார். "அடப் பாவமே, கண்ண மூடிப்புட்டனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "குடு இத்த. சாமிக்கே தெனமும் பழசக் கழுவிட்டுத்தான் புதுசு வெக்கிறோம்." முந்தானை நுனியைத் தண்ணீரில் தொட்டு, குழந்தையின் கண்ணில் பீளை எடுப்பது மாதிரி, அந்தத் துவரம்பருப்பைப் பூப்போலத் துடைத்தார். துடைத்துவிட்டு வெறுமனே கொடுக்க மனசு வரவில்லை. தம் நெற்றிக் குங்குமத்தில் விரலைத் தொட்டு, "நெத்தி எங்கடி?" என்று கேட்டார். ரூபா நீலப் பலகையின் மேல் விளிம்பைக் காட்டினாள். ஒயர் எதுவும் இல்லாத அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

ரூபா சென்சாரைச் செருகினாள். கம்ப்யூட்டரில் எண் சரசரவென்று ஏறியது. விளக்கு அணைந்தது.

விளக்கு அணைந்ததற்கு ஓர் ஊர் கைதட்டியது அன்றைக்குத்தான் இருக்கும். அணைந்தது என்று சொல்லக்கூடாது என்பதால் செங்கம்மா, "மலையேறிடுச்சி, மலையேறிடுச்சி" என்று கூவினார். சாய்குமார் பெஞ்ச் மேல் ஏறிவிட்டான். ஹெச்.எம்.மே கைதட்டினார், தட்டிவிட்டுப் பதவிக்கு அது பொருந்துமா என்று ஒரு முறை சுற்றும் பார்த்தார். லோயிஸுக்குக் கண்ணீர் வந்தது. அதை மறைக்க அவருக்குத் தோன்றவும் இல்லை.

கோகுலகிருஷ்ணன் அருகில் வந்து தம் கையாலேயே கண்ணை மூடினார். விளக்கு எரிந்தது. கையை எடுத்தார், அணைந்தது. மறுபடி மூடினார். டைம் இல்லாத மனிதர் அதைப் பல தடவை செய்தார்.

"ரோட்ல வெக்கப் போறீங்களே. நகரி பஸ் லைட்டு இது மேல அடிச்சா?" என்று கேட்டார்.

"அணஞ்சிடும் சார்" என்றாள் ரூபா. "அத இன்னும் சரி பண்ணல. வெளிச்சம் பட்டதும் அணைக்காம, கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு அணைன்னு எழுதணும். இந்த வாரம் எழுதிடுவேன்." கேட்டது தெலுங்கா தமிழா, எந்த மொழியில் பதில் சொல்கிறோம், யார் சிரிப்பார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அதிகாரியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் ஹெச்.எம். பக்கம் திரும்பினார். "எங்க போனாலும் எரியற விளக்கத்தான் சார் காட்றாங்க. கெட்டுப் போனத கண்ணு முன்னால சரி பண்ணி எங்கயும் பார்த்ததில்ல. பெட்டி இங்கயே இருக்கட்டும். வழியில ரெண்டு ஸ்கூல்ல திறக்காமயே திருப்பிக் குடுத்துட்டாங்க, ஜீப்புல கீது. அதையும் இறக்கிக்குங்க."

எடுத்துக்கொண்டு போக வந்த ஜீப்பிலிருந்து இரண்டு பெட்டி இறங்கியது. பீரோவில் இடம் இல்லையே என்று ஹெச்.எம். முணுமுணுத்தார், அதில் ஒரு பெருமையும் கலந்திருந்தது. அந்த வாரமே விளக்கைக் கம்பத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கோகுலகிருஷ்ணன் தம் பேனாவால் எழுதியே கொடுத்தார்.

போகும்போது வராந்தாவில் லோயிஸைத் தனியாக நிறுத்தினார். "மேடம், ஒன்னு கேக்கறேன். கோளாறு இன்னான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல? கைய பின்னால கட்டிக்கினு நின்னீங்களே, பார்த்தேன்."

"தெரியும் சார்."

"பெட்டி கை விட்டுப் போவற நேரத்துலகூட வாயத் தொறக்கலயே?"

லோயிஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளே லேபிலிருந்து ஒரு குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "அண்ணா, அத்த தலைகீழா வெக்காதீங்க, உள்ள சென்சார் கீது. மெல்ல. சாய், நீ தொடாத. மொதல்ல நான் எண்ணிக்கிறேன்." தமிழில் டிரைவரிடம் சொன்னது போதாதென்று, அதையே தெலுங்கில் ஒரு தடவை ஹெச்.எம்.முக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ பேசறத கேட்டுக்கினு இருந்தேன் சார்" என்றார் லோயிஸ்.